குப்புறக் கிடந்த கப்பல்

பிள்ளைகளே, உங்கள் வேலைத்தளத்தில் போர் விமானம் ஒன்றின் மாதிரி உருவாகிறதாம். இறக்கைகள் உடம்போடு பொருந்த மறுக்கின்றனவாம். நீங்களெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திரிகிறீர்களாம். வேலையிலிருந்து ஓய்ந்தவனுக்குச் சம்பளம் வராது, ஆனால் இந்த மாதிரிச் செய்திகள் மட்டும் தவறாமல் வந்துவிடும். இறக்கை பொருந்தவில்லை என்று கவலைப்பட வேண்டாம் எனச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எல்லாம் ஒரே தடவையில் பொருந்திவிட்டால், அப்போது கவலைப்படுங்கள்.

இரும்பை எப்படி வெல்டிங் பிடித்து ஒட்டுவது, எப்படி வளைப்பது என்று நான் எழுதப் போவதில்லை. அது உங்கள் கைக்குத் தானாக வரும். வராவிட்டால் கண்ணில் விழுகிற தீப்பொறி கற்றுக்கொடுக்கும். நான் சொல்லப் போவது ஒரு கப்பலைப் பற்றி.

மட்டக்களப்புக் கடலில், கல்லடிக்கு வெளியே, உலகப் போரில் யப்பான் விமானங்கள் மூழ்கடித்த ஆங்கிலேயரின் விமானந்தாங்கிக் கப்பல் ஒன்று கிடப்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் மீனவர்களுக்கு அது போர்க்கப்பல் அல்ல. நல்ல மீன் கிடக்கும் இடம், வலை சிக்கினால் நின்று திட்டுவதற்கும் ஓர் இடம். கடலடியில் அது ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. நிமிர்ந்து நின்ற நிலையில் அதைப் பார்த்தவர்கள் நான் சொல்லப் போகும் காலத்திலேயே கிழவர்களாகிவிட்டார்கள்.

எங்கள் நாட்டுப் போர் சற்று ஓய்ந்து சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலத்தில், கல்லடிக் கடற்கரையில் விருந்தினர் விடுதி வைத்திருந்த தவராசா அண்ணன் என்னிடம் வந்தார். அந்தக் கப்பலின் இரும்பு மாதிரி ஒன்று விடுதி வாசலில் நிற்க வேண்டும், இருபதில் ஒரு பங்கு அளவில் என்றார். கேட்க ஏதோ விளையாட்டுச் சாமான் போல இருக்கும். கணக்குப் பார்த்தால் முப்பதடி நீளம். பொம்மை என்று சொல்லித் தொடங்கிய வேலைகளிலெல்லாம் முதுகு முறிந்ததுதான் என் அனுபவம்.

யோசனை உண்மையில் அவருடைய மகன் நிமலனுடையது. அவன் சுழியோடி. வெள்ளைக்காரர்களைப் படகில் கூட்டிப்போய், கடலடிக்கு இறக்கி அந்தக் கப்பலைக் காட்டுவது அவன் தொழில். தாய் சிறுவயதிலேயே இறந்துவிட, தகப்பன் வளர்த்த பிள்ளை. வேலை தொடங்கிய பிறகு பின்னேரங்களில் எங்கள் வேலைத்தளத்துக்கு வந்து, தலைமயிரில் உப்புக் காயாமலே நின்று, கப்பல் எப்படி இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருப்பான். கட்டளை அறை இருக்கும் கோபுரம் மற்றக் கப்பல்களில் போல நடுவில் இல்லை, ஓரத்தில் நிற்கும் என்பதை அவனிடந்தான் முதலில் கேட்டேன்.

“பாஸ், கோபுரம் வலப்பக்கம். மறந்துடாதீங்க. நடுவில வைச்சீங்களெண்டா பிளேன் வந்து முட்டும்,” என்றான்.

மறக்கவில்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஒருவரும் அதை மறக்கவில்லை.

என்னோடு பங்காளியாக இருந்தவர் ஓட்டமாவடி ஹனிபா நானா. தகடு வளைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கோபத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. அதனால் கூட்டு நன்றாக ஓடியது. எங்கள் வேலைத்தளம் கடற்கரையில் இல்லை, வாவிக் கரையில். நாங்கள் இருவரும் அதுவரை செய்ததெல்லாம் தோணியும் படகும்தான். எனக்கு வேலை பழக்கிய தோணிப் பாஸ், பிள்ளையும் தோணியும் தலைகீழாகத்தான் பிறக்க வேண்டும் என்பார். அடிப்பக்கத்தை மேலே பார்க்க வைத்துத் தகடு போர்த்தினால் ஒட்டு நன்றாக விழும், தகடும் தன் பாரத்தில் அமரும். கப்பலையும் அப்படியே கட்டினோம். தூக்கிக்கொண்டுபோக வசதியாக முன்பாதி, பின்பாதி என்று இரண்டு துண்டு. இரண்டும் முற்றத்தில் குப்புறக் கிடந்தன. கோபுரம் வரவேண்டிய இடத்தில் பாரம் தாங்குவதற்குத் தாங்கிகள் ஒட்ட வேண்டியிருந்தது. ஹனிபா நானா அளவு நாடாவைப் பிடிக்க, நான் பின்புறம் நின்று முன்புறம் பார்த்து, என் வலது கைப் பக்கத்தில் சோக்கால் ‘கோபுரம்’ என்று எழுதினேன். தாங்கிகளை அங்கே ஒட்டினோம். கோபுரத்தைத் தனியாகச் செய்து, துணி சுற்றிக் கொட்டிலில் வைத்தோம்.

அந்த மார்கழியில் கடல் வந்தது.

சுனாமியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல ஆள் இருக்கும். அன்று காலை தவராசா அண்ணன் சாமான் வாங்க நகரத்துக்கு வந்திருந்தார். நிமலன் கரையில் படகைத் தள்ளிக்கொண்டிருந்தான். விடுதி இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் மிஞ்சியது. நிமலனின் உடல் கிடைக்கவில்லை. வீட்டோடு படங்களும் போய்விட்டன. மகனின் முகத்தைப் பார்க்க அந்த மனிதரிடம் ஒரு படம்கூட இருக்கவில்லை.

வாவிக் கரையில் எங்களுக்கு முழங்கால் அளவு தண்ணீர்தான் ஏறியது. கப்பலின் இரண்டு துண்டும் அசையாமல் கிடந்தன.

சில வாரங்களுக்குப் பிறகு தவராசா அண்ணன் வந்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் வருகிறார் என நினைத்து, அதற்கேற்ற முகத்தையும் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவர் இரும்பைத் தொட்டுப் பார்த்தார். அது கிடக்கட்டும், நான் சொல்லும்போது முடித்துத் தாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் வாவிக்கு அப்பால், படுவான்கரையிலுள்ள பழுகாமத்துக்குத் தன் தங்கை வீட்டுக்குப் போனார். நாங்கள் படகு திருத்தப் போனோம். அந்த வருடம் எங்கள் கரையில் உதவி என்று படகு கொடுக்க வந்தவர்களின் தொகை கடலுக்குப் போகிறவர்களின் தொகையைத் தாண்டியது. கடலைக் கண்டால் வாந்தி எடுக்கிறவனுக்கும் ஒரு படகு கிடைத்தது.

பிறகு மீண்டும் போர். படுவான்கரை முழுவதும் இடம்பெயர்ந்து வாவியைக் கடந்து இந்தப் பக்கம் வந்தது. தவராசா அண்ணனும் இரண்டாம் முறையாக எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு பையோடு வந்து சேர்ந்தார். அந்த நாட்களில்தான் ஒரு காலை இராணுவம் எங்கள் பகுதியைச் சுற்றி வளைத்துத் தேடியது.

இனி நான் சொல்வதை உங்கள் நிலையில் வைத்துப் பாருங்கள். இரும்புத் தகட்டால் செய்த, கப்பல் வடிவில் இரண்டு துண்டு, வாவிக் கரையில் குப்புறக் கிடக்கிறது. யார் யாரோ எங்கெங்கோ இரகசியமாக நீர்மூழ்கி செய்கிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த காலம். வந்த அதிகாரி அதைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். ஹனிபா நானாவுக்குப் பொலன்னறுவைப் பக்கம் வியாபாரம் செய்த பழக்கத்தில் சிங்களம் நன்றாக வரும். இது பழைய ஆங்கிலேயக் கப்பலின் மாதிரி, விடுதி வாசலில் வைக்கச் செய்தது என்று விளக்கினார். அதிகாரி விடுதி எங்கே என்று கேட்டார். கடலுக்குள் என்றார் நானா. உண்மைதான், ஆனால் அந்த நேரத்துக்கு உதவுகிற உண்மையல்ல.

அதிகாரி இன்னொரு கேள்வி கேட்டார். நானா என் பக்கம் திரும்பினார்.

“இது மிதக்குமாண்டு கேக்கார்.”

படகு கட்டுகிறவனிடம் அப்படிக் கேட்டால் அவன் வாயில் தானாக வருகிற பதில் ஒன்றுதான். என் வாழ்நாளில் நான் கட்டியது எதுவும் தாழ்ந்ததில்லை என்ற பெருமை தொண்டை வரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன். ‘மிதக்கும்’ என்றால் எங்களைக் கொண்டுபோவார்கள். ‘மிதக்காது’ என்றால் தண்ணீரில் இறக்கிக் காட்டு என்பார்கள். இறக்கினால் அது சும்மா மிதந்து தொலைக்கவும் கூடும். பொய்யும் ஒண்ணாது, பெருமையும் ஒண்ணாது. எனவே வேலையைப் பற்றிய உண்மையைச் சொன்னேன். ஒட்டை நாங்கள் தொடராகப் போடவில்லை, விட்டு விட்டுத்தான் போட்டிருக்கிறோம், பார்வைக்கு வைக்கிற சாமானுக்கு அது போதும், இடைவெளியில் விரல் நகம் போகும், தண்ணீரும் போகும் என்றேன். எங்கே விட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். ஒரு தொழிலாளி தன் வேலையின் குறைகளை அவ்வளவு உற்சாகமாகக் காட்டியது அன்றுதான் முதல் தடவையாக இருக்கும்.

அதிகாரி நகத்தை விட்டுப் பார்த்தார். பிறகு குனிந்து அடியில் கையை விட்டார். உள்ளே எங்கள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதற்கு அதிகாரி, தொழிலாளி என்ற பேதம் கிடையாது. கொத்தியது. சிப்பாய்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வாவியைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அதிகாரி கையைத் துடைத்துக்கொண்டு சொன்னதை நானா எனக்குத் தமிழில் சொன்னார். “குப்புறக் கிடக்குமட்டும் இது இரும்பு. நிமித்தினா இது படகு. சண்டை முடியுமட்டும் நிமித்த ஒண்ணாவாம்.”

அதைவிடத் தெளிவான ஒரு சட்டத்தை நான் அந்தக் காலத்தில் கேட்டதில்லை. கப்பல் குப்புறவே கிடந்தது. அதன் மேல் மிளகாய் காய்ந்தது, இடம்பெயர்ந்து வந்தவர்களின் உடுப்புகள் காய்ந்தன, அடியில் கோழிகள் பல தலைமுறை வளர்ந்தன. உங்களிடம் யாராவது துப்பாக்கியோடு வந்து கேள்வி கேட்கும் நிலை வராதிருக்கட்டும். ஆனால் அவசரமாகப் பதில் சொல்ல வேண்டிய வேளை வந்தால், உங்கள் வேலையில் நீங்கள் அறிந்த குறையிலிருந்து தொடங்குங்கள். அதை யாரும் பொய்யென்று நினைக்க மாட்டார்கள்.

போர் முடிந்தது. எப்படி முடிந்தது என்பது வேறு கதை. அதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. வீதி திறந்தது, தெற்கிலிருந்து பேருந்து பேருந்தாகக் கடல் பார்க்க ஆட்கள் வந்தார்கள். தவராசா அண்ணன் பழைய காணியில், கரையிலிருந்து சற்றுத் தள்ளி, சில அறைகளோடு சிறிய விடுதி ஒன்று கட்டினார். வாசலில் சீமெந்து மேடை ஒன்றும் கட்டினார். பிறகு எங்களிடம் வந்து, இப்போது முடியுங்கள் என்றார். அவர் தலை முழுவதும் நரைத்துவிட்டிருந்தது.

பாரம் தூக்கும் செயின் புளொக் கட்டி இரண்டு துண்டையும் நிமிர்த்தினோம். துரு இருந்தது, சுரண்டினோம். முன்பாதியையும் பின்பாதியையும் போல்ட் போட்டு இணைக்கப் போனபோது ஓட்டைகள் ஒன்றுக்கொன்று எட்டவில்லை. மேலே சரிப்பண்ணினால் கீழே விலகியது. கீழே இழுத்தால் மேலே வாய் பிளந்தது. நாலு நாளைக்கு ஒருவர் மற்றவரைக் குறை சொன்னோம். ஓட்டையைத் துளைத்துப் பெரிதாக்கி விடுவோம் என்று எங்களோடு வேலை செய்தவர்கள் துளைகருவியையும் எடுத்து வந்துவிட்டார்கள். அந்த நேரம் நான் களைத்துப்போய் பின்பாதியில் சாய்ந்தேன். குளிர்ந்திருந்தது. முன்பாதியைத் தொட்டேன். கை வெந்தது. ஒன்று வாகை மர நிழலில் நின்றது, மற்றது வெயிலில். வெயிலில் நின்ற துண்டு ஒரு பக்கம் சூடேறி நீண்டு, வில் மாதிரி மெல்ல வளைந்திருக்கிறது. நாங்கள் தினமும் வெயில் ஏறிய பிறகுதான் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த நாள் சூரியன் கிளம்பும் முன் வந்து பொருத்தினோம். போல்ட்டுகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. துளைகருவியை எடுத்து வந்தவர்கள் அதைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார்கள்.

உங்கள் விமானத்தின் இறக்கைக்கும் இதைச் சொல்கிறேன். பொருந்தாவிட்டால் முதலில் சுத்தியலைத் தேடாதீர்கள். நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

பிறகு மேல்தளம் போட்டோம். கோபுரத்தைத் துணியிலிருந்து அவிழ்த்து, தாங்கிகளின் மேல் இறக்கிய நாளில் தவராசா அண்ணனையும் கூப்பிட்டிருந்தோம். அவருக்கு ஒரு கதிரை போட்டுக் கொடுத்தோம். கோபுரம் சங்கிலியில் தொங்கி வந்து, தாங்கிகளில் அமர்ந்து, எல்லா ஓட்டைகளும் முதல் தடவையிலேயே நேராக நின்றன. இத்தனை வருடங்களுக்குப் பிறகு, ஒரு மயிரிழை விலகாமல். கைதட்டினார்கள். ஹனிபா நானா வெற்றிலை எல்லாம் போட்டார்.

தவராசா அண்ணன் கைதட்டவில்லை. கப்பலைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் கால்களைப் பார்த்தார். மறுபடி கப்பலைப் பார்த்தார், மறுபடி கால்களை. கால் வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். நல்ல வடிவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தேநீர் குடிக்காமல் போனார். அதற்கு முன் தினமும் வந்தவர், அதன் பிறகு வரவில்லை. சுகமில்லையாம் என்றார்கள்.

நாங்கள் சாம்பல் நிறம் பூசினோம். பீரங்கிகளைப் பொருத்தினோம். விடுதித் திறப்புக்கு இரண்டு நாள் இருந்தபோது, ஹனிபா நானா ஓட்டமாவடியிலிருந்து காலைப் பேருந்தில் வந்து இறங்கினார். சலாமும் இல்லை, வணக்கமும் இல்லை. நேரே போய்க் கப்பலின் பின்புறம் நின்றார். முன்னே பார்த்தார். வலது கையை உயர்த்தினார். அதை இறக்கிவிட்டு இடது கையை உயர்த்தினார். பிறகு இரண்டு கையையும் தலையில் வைத்தார்.

முதல் நாள் தேநீர்க் கடைத் தொலைக்காட்சியில் ஏதோ ஒரு நாட்டு விமானந்தாங்கிக் கப்பலைக் காட்டியிருக்கிறார்கள். கோபுரம் வலப்பக்கம் நின்றதாம். எங்கள் கப்பலில் அது இடப்பக்கம் நின்றது.

விளக்கம் மிகச் சுலபம். முற்றத்தில் குப்புறக் கிடந்த கப்பலில் எனக்கு வலப்பக்கமாக இருந்தது, நிமிர்த்தியதும் இடப்பக்கமாகிவிட்டது. குப்புறப் படுத்திருக்கும் பிள்ளையை நிமிர்த்திப் போட்டால் காப்புப் போட்ட கை எந்தப் பக்கம் வரும் என்று ஒரு தாயிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நாங்கள் கேட்கவில்லை, ஏனென்றால் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. வாழ்நாள் முழுவதும் கட்டியது தோணி. தோணிக்கு இந்தப் பக்கம் இருப்பதுதான் அந்தப் பக்கமும். இடமும் வலமும் வேறு வேறு என்பது எங்கள் கைக்குத் தெரியாத சங்கதி. கோபுரம் அவ்வளவு சரியாகப் பொருந்தியதும் எங்கள் கண்ணைக் கட்டிவிட்டது. பொருந்தாத பாகம் ஒருவனையும் ஏமாற்றாது. ஏமாற்றுவது பொருந்துகிற பாகம்தான்.

மாற்றுவதென்றால் தாங்கிகளை வெட்ட வேண்டும், மேல்தளத்தைக் கழற்ற வேண்டும், மறுபக்கம் ஒட்டி மறுபடி பூச வேண்டும். திறப்புக்கு முடியாது. அழைப்பு எல்லாருக்கும் போய்விட்டது. வேலைத்தளத்தில் இருந்த எல்லாரும் கப்பலைச் சுற்றி நின்றோம். ஹனிபா நானாதான் பேசினார்.

“ஆருக்குத் தெரியும், மனே? நிமிந்து நிண்ட கப்பலைப் பார்த்தவன் இந்த ஊரில ஆர் இருக்கான்? தெரிஞ்ச ஒருத்தன் அந்தப் பொடியன்தான். அவனும் மௌத்தாப் போயிட்டான்.”

நானா கெட்ட மனிதரல்ல. களைத்த மனிதர். அவர் சொன்னதில் பிழையும் இல்லை, யாருக்கும் தெரியாதுதான். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை அவர் வாயிலிருந்து விழுந்ததும் அங்கே நின்ற ஒருவராலும் மற்றவரைப் பார்க்க முடியவில்லை. அந்தப் பிள்ளை எங்களிடம் மறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனது ஒரே ஒரு விசயம். அதைத்தான் நாங்கள் மாற்றி வைத்திருந்தோம். அவன் இல்லை என்பதுதான் எங்களுக்கு வசதி. எனக்கு வெட்கமாக இருந்தது. அதோடு, பெரிய நேர்மைக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள், பொய்க்குப் பராமரிப்பு வேலை அதிகம் என்பதும் எனக்குத் தெரியும். இரும்புக்காவது வருடத்துக்கு ஒருமுறை வர்ணம் பூசினால் போதும். சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்லடிக்குப் போனேன். நானா என்னைத் தடுக்கவில்லை. வெட்டுக் கருவிக்குத் தகடு இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

நல்ல வெயில். தவராசா அண்ணன் புது விடுதியின் முன்னால், வெறும் மேடைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். முகம் சவரம் செய்யப்படாமல் இருந்தது. திறப்பு விழா வைக்கிற மனிதரின் முகம் அல்ல அது. நான் உட்காராமல், சைக்கிளைப் பிடித்தபடியே சொன்னேன். உட்கார்ந்தால் வேறு கதை பேசத் தொடங்கிவிடுவேன் என்ற பயம்.

“அண்ணே, கோபுரம் பிழையான பக்கம் நிக்குது. வலப்பக்கம் வரவேணும். குப்புறப் போட்டுக் கட்டினதால மாறிப்போச்சு. எங்கட பிழை.”

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திறப்பைப் பற்றிக் கேட்பார், அதற்கு என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வந்திருந்தேன். அவர் அதைக் கேட்கவேயில்லை. கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார்.

“அப்ப வலப்பக்கந்தானா?”

“ஓம் அண்ணே.”

“நிச்சயமாத் தெரியுமா தம்பி?”

“நிமலன் எங்களுக்கு அப்படித்தான் சொன்னவன். நாங்கதான் மாத்திப்போட்டம்.”

அவர் கண் கலங்கியது. பிறகு, சிறு பிள்ளை தன் களவைச் சொல்வது போலத் தயங்கித் தயங்கிச் சொன்னார். மகன் முதன்முதலில் அந்தக் கப்பலைப் பார்த்துவிட்டு வந்த அன்று, அவர் இதே மாதிரிக் கதிரையில் சாய்ந்திருந்தாராம். கப்பல் எப்படியடா இருக்கும் என்று கேட்டாராம். அவன் குந்தியிருந்து, அவர் காலிலிருந்து செருப்பைக் கழற்றி நிலத்தில் வைத்து, இதுதான் கப்பல் என்று சொல்லி, அதன் மேல் ஓரமாக நெருப்புப்பெட்டியை நிறுத்தி, இதுதான் கோபுரம் என்று காட்டினானாம். வலது காற் செருப்பு. சின்ன விரல் பக்கம்.

“முகம் கொஞ்சம் கொஞ்சமா மறந்துகொண்டு வருகுது தம்பி. படமும் இல்லை. இது ஒண்டுதான் அப்படியே கண்ணுக்குள்ள நிக்கிறது. அண்டைக்கு உங்கட இடத்தில கோபுரம் அங்கால பக்கம் ஏறினதும், அப்ப அது இடது செருப்பாக்கும், நான்தான் பிழையா நினைச்சுக்கொண்டு இருந்திருக்கன் எண்டு நினைச்சன். இதுவும் பிழையெண்டா மறுகா என்னட்ட அவன்ர என்ன கிடக்கு?”

அத்தனை நாளும் அவர் வராமல் இருந்தது சுகமில்லாமல் அல்ல. எங்கள் பிழையை அவர் தன் தலையில் ஏற்றிக்கொண்டு, இடது செருப்பை ஞாபகப்படுத்த முயன்றபடி அந்தக் கதிரையில் இருந்திருக்கிறார். நான் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அழுதேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

பிள்ளைகளே, செய்த பிழையை வாய் திறந்து சொல்லாவிட்டால் அது வர்ணத்துக்கடியில் மறைந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். மறையாது. எங்கோ ஒருவர் அதைத் தன் பிழை என்று எடுத்து வைத்துக்கொண்டிருப்பார். அவர் யாரென்று உங்களுக்குத் தெரியவும் வராது.

திறப்பு விழாவை வெறும் மேடையோடுதான் நடத்தினார்கள். தெற்கிலிருந்து வந்தவர்கள் அந்தச் சீமெந்து மேடையின் முன்னால் நின்று மிகவும் மரியாதையாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். கோபுரத்தை நாங்கள் பிறகு ஆறுதலாக, அவசரமில்லாமல் வெட்டி மாற்றினோம். இம்முறை அது ஒழுங்காகப் பொருந்தவில்லை. தட்டித் தட்டித்தான் ஏற்றினோம். எனக்கு அப்போதுதான் நிம்மதியாக இருந்தது.

பிழையைச் சொல்லப் போன அன்று, நான் புறப்பட்டபோது தவராசா அண்ணன் வலது காற் செருப்பைக் கழற்றி நிலத்தில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து நெருப்புப்பெட்டியை எடுத்து, சின்ன விரல் பக்கமாக நிறுத்தினார். தள்ளி நின்று பார்த்தார். பிறகு என்னை வழியனுப்ப வாசல்வரை வந்தார், ஒற்றைச் செருப்போடு. மணல் கொதித்துக்கொண்டிருந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு வாருங்கள், கால் வெந்துவிடும் என்றேன்.

“கிடக்கட்டும் தம்பி,” என்றார். “எடுத்தா பெட்டி விழுந்திரும்.”